ஏலத்தில் எடுத்த சாலையோரப் புளியமரம்: இந்த வெயிலில் விறகாக்குவது எப்படி?

கரிசல்மண்:

எல்லோருக்கும் வணக்கம். சாலையை அகலப்படுத்துவதற்காக எங்கள் ஊர் விலக்கில் நின்ற புளியமரங்களைச் சாய்த்துவிட்டார்கள். அதில் ஒரு மரம் ஏலத்தில் எங்களுக்கு வந்திருக்கிறது. அப்பா நடத்துகிற சாப்பாட்டுக் கடையில் சோறு, குழம்பு எல்லாம் இன்னும் விறகடுப்பில்தான். வழக்கமாகச் சீமைக்கருவேல விறகு வாங்கிப் போடுவோம். இவ்வளவு பெரிய மரத்தை நாங்களே அறுத்துப் பிளப்பது இதுதான் முதல் தடவை.

அடிமரம் சுற்றளவு எட்டடி. கொப்பு பிரிகிற இடம் வரை பத்தடி நீளம். மேலே பெரிய கொப்புகள் மூன்று. சாய்ந்த மரம் பாதி பள்ளத்திலும் பாதி சாலை ஓரத்திலும் கிடக்கிறது, சீக்கிரம் எடுக்கச் சொல்கிறார்கள்.

பக்கத்துக் கடைப் பெரியவர், "புளியை ஆறு மாசம் போட்டுட்டு அப்புறம் தொடு" என்கிறார். விறகு பிளக்கிற அண்ணன், "இன்னைக்கே பிளக்கலேன்னா எப்பவும் பிளக்க முடியாது" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? அக்கினி நட்சத்திரம் வேறு தொடங்கிவிட்டது. வேலைக்கு வருகிற ஆட்களையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தகடூர்விறகு:

தம்பி, எங்கள் குடும்பம் தர்மபுரிப் பக்கம் ரெண்டு தலைமுறையாக விறகுக் கடை வைத்திருக்கிறது. புளி எங்களுக்குப் பழகிய மரம்.

பெரியவர் சொன்னதும் சரி, பிளக்கிறவர் சொன்னதும் சரி. பெரியவர் சொல்வது எரிப்பதற்கான கணக்கு. பிளப்பதற்கு அது பொருந்தாது. புளியில் நார் நேராக ஓடாது. ஒரு அடுக்கு இப்படிச் சாய்ந்தால் அடுத்தது அப்படிச் சாயும், ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். பச்சையில் அந்த நார் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். காய்ந்துவிட்டால் கோடாலி இறங்காது, துள்ளித் திரும்பும். அப்புறம் முழங்காலுக்கோ கணுக்காலுக்கோதான் ஆபத்து. அதனால் பச்சையில் அறுத்து, பச்சையிலேயே பிளந்து, அடுக்கிக் காயவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் உலர்ந்த விறகு கையில் இருக்கும்.

துண்டு நீளம் ஒன்றேகால் அடியைத் தாண்ட வேண்டாம். கருவேலத்தை ரெண்டடியில் அறுத்தாலும் கோடாலி வழிவிடும், புளி விடாது. அறுத்த துண்டை நிறுத்தி வைத்து நடுவில் போடாதீர்கள். புதிதாகப் பிளக்கிறவர்கள் எல்லாரும் நடுவில்தான் போடுவார்கள், கோடாலி சிக்கிக்கொள்ளும். விளிம்பிலிருந்து நாலு விரல் உள்ளே போட்டு, ஓரத்தைச் சில்லுச் சில்லாகக் கழற்றுங்கள். சுற்றிச் சுற்றி வந்தால் கடைசியில் வைரம், அதாவது நடுவிலுள்ள கெட்டிக் கட்டை மட்டும் உருளையாக நிற்கும். அதற்கு இரும்பு ஆப்பு ரெண்டு, சம்மட்டி ஒன்று வேண்டும். துண்டின் முகத்தில் இயல்பாக ஒரு வெடிப்பு ஓடியிருக்கும், முதல் ஆப்பை அதில் வையுங்கள். அது இறங்கி வாய் திறந்ததும் அதே கோட்டில் ரெண்டாவதை வைத்து அடித்தால் முதல் ஆப்பு தளர்ந்து கைக்கு வந்துவிடும்.

ஆப்பின் தலையைப் பாருங்கள். அடி வாங்கி வாங்கிக் குடை மாதிரி விரிந்திருந்தால் பட்டறையில் கொடுத்துத் தேய்த்த பிறகு எடுங்கள். அந்த விளிம்பிலிருந்து தெறிக்கிற இரும்புச் சில் கண்ணில் பட்டால் அவ்வளவுதான்.

கொப்பு பிரிகிற கவைத் துண்டுகளோடு மல்லுக்கட்டாதீர்கள். அவற்றை மெஷினிலேயே நெடுக அறுத்துவிடலாம்.

வேம்படிநிழல்:

ஒரு கேள்வி கேட்டால் கோபிக்க மாட்டீர்களே? மரத்துக்கு அனுமதி எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா? தமிழ்நாட்டில் பொது இடத்து மரத்தை வெட்ட, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழு அனுமதிக்க வேண்டும். சாலை ஓரம் சாய்ந்து கிடக்கிறது, யாரும் கேட்கவில்லை என்று அறுத்து எடுத்துப் போவதும் தவறுதான். புயலில் விழுந்தாலும் அந்த மரம் அரசுடைமை. மகசூலுக்கு மரப்பட்டா வாங்கியவர்களுக்குக்கூடக் காய் மீதுதான் உரிமை, கட்டை மீது கிடையாது.

மதுரைக்குத் தெற்கே பழைய பாதைகளை இன்றும் மங்கம்மா சாலை என்று சொல்கிற ஊர்கள் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆட்சியைப் பார்த்துக்கொண்ட ராணி மங்கம்மாள் காலத்திலிருந்தே வழிப்போக்கர்களுக்கு நிழல் மரம் வைப்பது நம் பக்கத்து வழக்கம். ஒரு புளியமரம் நல்ல நிழல் தர ஒரு தலைமுறை ஆகிறது. அதை அடுப்பில் வைக்கப் போகிறோம் என்று படிக்கும்போது மனது கேட்கவில்லை.

கரிசல்மண்:

கேட்டது நல்லதுதான் அக்கா. ஏலப் பணம் கட்டிய ரசீதும், மரத்தின் எண் போட்ட உத்தரவும் கையில் இருக்கின்றன. மரம் சாய்ந்தபோது எனக்கும் வருத்தம்தான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதன் அடியில்தான் பஸ்ஸுக்கு நிற்போம். ஆனால் நாங்கள் ஏலம் எடுக்காவிட்டாலும் அது இனி எழுந்து நிற்கப் போவதில்லை.

தகடூர்விறகு:

வண்டியில் ஏற்றும்போது அந்த ரசீதின் நகல் ஒன்று ஓட்டுநர் கையில் இருக்கட்டும். வழியில் நிறுத்திக் கேட்டால் காட்டலாம்.

உளிசுத்தி:

நான் தச்சு வேலை செய்கிறவன். தயவுசெய்து அடிமரம் முழுவதையும் விறகாக்கிவிடாதீர்கள்.

எட்டடி சுற்றளவுப் புளி என்றால் உள்ளே கருஞ்சிவப்பு வைரம் நன்றாகவே ஓடியிருக்கும். உலக்கை, செக்கு உலக்கை, வண்டிச் சக்கரத்தின் குடம் என்று அடியும் தேய்மானமும் தாங்க வேண்டிய இடத்துக்கெல்லாம் நம் முன்னோர் தேடிப் போன கட்டை இது. இன்றைக்கும் கறிக்கடைக்காரர்கள் புளியங்கட்டையைத்தான் கேட்கிறார்கள். அடிமரத்தைக் குறுக்கே ஒரு அடி கனத்தில் வட்டமாக அறுத்தால் ஒரு கட்டை. கத்தி இறங்கினாலும் சில்லு பெயர்ந்து கறியில் ஒட்டாது. அதற்குக் காரணமும் மேலே அண்ணன் சொன்ன அந்தப் பின்னல் நார்தான். பிளக்கிறவருக்குத் தொல்லையாக இருப்பதே கறிக்கடைக்காரருக்கு உபயோகம்.

முதலில் அளந்து பாருங்கள். மரக்கடையில் சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். எட்டை நாலால் வகுத்தால் ரெண்டு, ரெண்டு ரெண்டு நாலு, பத்தடிக்கு நாற்பது கன அடி. இந்தக் கால்சுற்றுக் கணக்கு கழிவு போக வருவது. உருளையாகக் கணக்குப் போட்டால் ஐம்பதைத் தாண்டும். பச்சையில் ஒன்றரை டன் கிட்டத்தட்ட இருக்கும். நாலு பேர் தூக்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

வைரக் கட்டைக்கும் விறகுக்கும் பக்குவம் நேர் எதிர். விறகை வெயிலில் போடலாம், முகம் வெடித்தால் நல்லது. கறிக்கட்டைக்கு ஒதுக்கியதை உடனே நிழலுக்குக் கொண்டுபோய், அறுத்த முகம் ரெண்டிலும் மெழுகோ பழைய பெயின்டோ பூசிவிடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் சாணியும் செம்மண்ணும் குழைத்து அப்புங்கள். மரத்திலிருந்து ஈரம் ஓடுவது பெரும்பாலும் அந்த முகம் வழியாகத்தான். சித்திரை வெயிலில் ஒரு நாள் திறந்து கிடந்தாலே நடுவிலிருந்து நட்சத்திரம் போல வெடித்துவிடும், அப்புறம் அது விறகுக்குத்தான் ஆகும்.

வேம்படிநிழல்:

இது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. கட்டையாக இருக்கிறவரை அந்த மரம் சேர்த்து வைத்த கார்பனும் அதற்குள்ளேயே இருக்குமே.

மெஷின்வாள்:

மரம் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறேன். சாலையோர மரம் என்றால் எனக்கு முதல் பயம் ஆணி. தோப்பு மரத்தில் இது வராது. கடை போர்டு, டியூஷன் விளம்பரம், கட்சித் தட்டி, கம்பி என்று வருஷக்கணக்கில் அடித்திருப்பார்கள். மரம் வளர வளர ஆணியை உள்ளே விழுங்கிவிடும், பட்டையில் தடயமே இருக்காது. செயின் பல்லில் பட்டால் அந்த நாள் வேலை போச்சு, செயின் அறுந்து முகத்துக்கு வந்தாலும் வரும்.

தரையிலிருந்து ஆளுயரம் வரைதான் ஆணி அதிகம் இருக்கும். அந்தப் பகுதியில் பட்டையை முதலில் அரிவாளால் செதுக்கி எடுங்கள். வெள்ளைக் கட்டையில் கருநீலமாக மை சிந்திய மாதிரி ஒரு கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது. மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அந்த நிறம்தான் வரும். அறுத்துக்கொண்டு போகும்போது முகத்தில் நீலக் கோடு தெரிந்தாலும் அதே இடத்தில் நிறுத்தி, ஒரு சாண் தள்ளி அறுங்கள்.

பட்டையைச் செதுக்குவதில் இன்னொரு லாபமும் உண்டு. சாலை மரத்தில் வெள்ளையும் கறுப்புமாக வளையம் அடித்திருப்பார்கள். சுண்ணாம்பு என்றால் பரவாயில்லை. பெயின்ட் என்றால் அதைச் சமையல் அடுப்பில் எரிக்கவே கூடாது. செதுக்கிய பெயின்ட் பட்டையைத் தனியே ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது சாய்ந்த மரத்தின் இழுவிசை. வேரோடு சாய்ந்திருக்கிறதா, தூர் மேல் அறுத்துச் சாய்த்ததா?

கரிசல்மண்:

எந்திரத்தால் தள்ளிச் சாய்த்தார்கள் அண்ணே. வேர்த்தட்டு பாதி மண்ணோடு நிமிர்ந்து நிற்கிறது.

மெஷின்வாள்:

அப்படியானால் இதைக் கவனமாகப் படியுங்கள். அடிமரத்தை வேர்ப் பக்கம் அறுத்தால், மறுபக்கத்துப் பாரம் குறைந்ததும் அந்த வேர்த்தட்டு மண்ணோடு பழைய குழியில் தொப்பென்று விழும். பக்கத்தில் ஆள் நின்றால் மீட்க முடியாது. குழிப் பக்கம் யாரையும் விடாதீர்கள், குழந்தைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள். வேர்த்தட்டை எந்திரத்தாலோ கனமான சங்கிலியாலோ பிடித்துக்கொண்டுதான் அந்தக் கடைசி அறுப்பு.

வேலையை நுனியிலிருந்து தொடங்குங்கள். சுள்ளி, சின்னக் கொப்பு, பெரிய கொப்பு, அப்புறம் அடிமரம். தரையில் ஊன்றி வளைந்து நிற்கிற கொப்புதான் மரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். அதைக் கடைசியில் தொடுங்கள். வளைந்த கொப்பில் அமுங்கியிருக்கிற பக்கத்தில் முதலில் கொஞ்சம் அறுத்துவிட்டு, அப்புறம் விறைத்து இழுபட்டிருக்கிற பக்கத்தில் அறுக்க வேண்டும். முறை மாறினால் ஒன்று வாள் இறுகிக்கொள்ளும், இல்லையென்றால் கொப்பு நீளத்துக்குப் பிளந்து அடிக்கும். பள்ளம் சரிவாக இருந்தால் எப்போதும் மேட்டுப் பக்கம் நில்லுங்கள்.

பொந்து இருக்கும். கையை விடாதீர்கள். நீளமான கம்பால் தட்டி, கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். தேனீயோ நல்லபாம்போ இருக்க வாய்ப்பு உண்டு.

வெயிலில் செயின் சூடேறித் தளரும், நடுவில் நிறுத்தி இறுக்க வேண்டும். வேலை முடிந்ததும் மறக்காமல் தளர்த்திவிடுங்கள், ஆறும்போது சுருங்கும். மெஷின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்ற வேண்டாம். அதைக் காய்ந்த புல் மேலும் வைக்க வேண்டாம். கோடையில் சாலையோரப் புல் ஒரு பொறிக்குக் காத்துக்கொண்டிருக்கும். ரெண்டு குடம் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

வண்டி வருவதைப் பார்க்க மட்டும் ஒரு ஆள், கையில் சிவப்புத் துணியோடு. அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

செவிலிஅக்கா:

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை செய்கிறேன். சித்திரை, வைகாசியில் விறகு வெட்டப் போனவர், நூறு நாள் வேலைக்குப் போனவர் என்று மயங்கி வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வெளிச்சம் வந்ததும் தொடங்கி ஒன்பதரைக்குள் நிறுத்துங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மறுபடி பார்க்கலாம். பதினொன்றிலிருந்து மூன்று வரை கோடாலியைத் தொடவே கூடாது. சாலை வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று யார் அவசரப்படுத்தினாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். தார்ச்சாலையிலிருந்து கிளம்புகிற சூடும் சேரும், நிழல் தந்த மரமோ தரையில் கிடக்கிறது. ரெண்டு கம்பு ஊன்றித் தார்ப்பாய் கட்டி, உட்கார ஒரு இடம் செய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

தாகம் எடுத்த பிறகு குடிக்கலாம் என்று இருக்காதீர்கள். இருபது நிமிஷத்துக்கு ஒரு தம்ளர் வீதம் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நீராகாரத்தில் உப்புப் போட்டு, மோர், கம்பங்கூழ் எல்லாம் அருமையான பானங்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் நல்லதில்லை, வேர்வையில் உப்பும் போகிறது. உப்புச் சர்க்கரைக் கரைசல் வீட்டிலேயே செய்யலாம்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சிறுநீர் மஞ்சள் அடர்ந்து வந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் எவ்வளவு, என்ன குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெயிலுக்குப் பழக உடம்புக்கு ஒரு வாரம், பத்து நாள் வேண்டும். ஊரிலிருந்து உதவிக்கு வருகிற தம்பிமாரை முதல் நாளே முழு வேலைக்கு நிறுத்தாதீர்கள். சட்டையைக் கழற்றிவிட்டு வேலை செய்வது வழக்கம்தான், ஆனால் முழுக்கைப் பருத்திச் சட்டையும் தலைக்கு ஈரத் துண்டும் நல்லது. களைப்பு தெரியாமல் இருக்க என்று குடித்துவிட்டு வருகிறவரை அன்றைக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இதை எல்லாரும் நினைவில் வையுங்கள். வேர்வை நின்றால்தான் ஆபத்து என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கடுமையாக உழைத்து வெப்பத் தாக்குக்கு ஆளாகிறவருக்கு வேர்த்துக்கொண்டேகூட இருக்கும். பேச்சு குழறுகிறதா, சம்பந்தமில்லாமல் பேசுகிறாரா, நடை தள்ளாடுகிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே நிழலில் படுக்கவைத்து, சட்டையைத் தளர்த்தி, குடம் குடமாக உடம்பில் தண்ணீர் ஊற்றி, துண்டால் விசிறுங்கள். ஒருவர் 108க்கு அழைக்கட்டும். வண்டி வரட்டும் என்று சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம், குளிர வைப்பதுதான் முதல் வைத்தியம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கரிசல்மண்:

அக்கா, இதை அப்படியே அப்பாவிடம் படித்துக் காட்டினேன். காலை ஆறு மணிக்குக் கடையைத் திறக்கிற மனிதர், "கடையை அம்மா பார்த்துக்கொள்ளட்டும், நான் அங்கே நிற்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

அளவுகோல்:

பச்சை விறகைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு கிலோ பச்சைக் கட்டையில் நானூறு கிராம் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 70 கிலோ கலோரி, ஆவியாக்க 540, ஆக 610. நானூறு கிராமுக்கு 244 வரும். மீதி அறுநூறு கிராம் மரம் தரக்கூடிய சூடோ சுமார் 2700 கிலோ கலோரி. அதாவது தண்ணீரை விரட்ட நேரடியாகப் போவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அப்படியிருந்தும் பச்சை விறகு ஏன் சோறு வேகவிடாமல் படுத்துகிறது? மரத்திலிருந்து கிளம்புகிற வாயு தீப்பற்றி எரிந்தால்தான் சுடர் வரும். ஈரம் அடுப்பின் சூட்டை இறக்கிவிடுவதால் அந்த வாயு எரியாமலே புகையாகப் போய்விடுகிறது. நாம் காசு கொடுத்து வாங்கிய சூடு அந்தப் புகையில்தான் போகிறது, அடுப்படியில் நிற்கிறவரின் கண்ணும் நெஞ்சும் அதற்கு விலை கொடுக்கின்றன. காயவைப்பதை உங்கள் அம்மாவுக்காகச் செய்வதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

காய்ந்ததா என்று அறிய ஒரு வழி: நடுத்தரத் துண்டு ஒன்றில் சுண்ணாம்பால் குறி போட்டு, கடைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை நிறுங்கள். எடை இறங்குவது நின்றுபோனால் அந்த அடுக்கு தயார்.

தகடூர்விறகு:

தராசு இல்லாதவர்கள் ரெண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். பச்சை 'தொப்' என்னும், காய்ந்தது 'டங்' என்னும்.

அடுக்குவது பற்றி. மண்ணில் நேராக அடுக்கினால் ஒரு மாசத்தில் கறையான் மண் ஏற்றிவிடும். செங்கல் வைத்து, அதன் மேல் ரெண்டு கழி போட்டு, ஒரு துண்டு அகலத்துக்கு ஒற்றை வரிசையாக, காற்று ஊடுருவ அடுக்குங்கள். வீட்டுச் சுவரை ஒட்டி வேண்டாம், தேளும் பாம்பும் குடியேறும். தார்ப்பாய் போட்டுச் சுற்றி மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கோடை முழுக்கத் திறந்தே கிடக்கட்டும். புரட்டாசி வாக்கில் மேலே மட்டும் தகரம் போட்டால் போதும்.

வெளிப்பக்கத்து வெள்ளைக் கட்டையைத் தனியாக அடுக்குங்கள். புளியின் வெள்ளைப் பகுதியில் வண்டு சீக்கிரம் இறங்கும், துளைத்துத் துளைத்து மாவாக உதிர்த்துவிடும். முதலில் எரிக்க வேண்டியது அதுதான். வைரத்தில் வண்டு அவ்வளவாக ஏறாது, அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

கரிசல்மண்:

வேலை தொடங்கிவிட்டது. மெஷின் அண்ணன் சொன்ன மாதிரி பட்டையைச் செதுக்கினோம். நெஞ்சுயரத்தில் நீலக் கறை தெரிந்தது. உளி வைத்துத் தோண்டினால் நாலு விரல்கடை ஆழத்தில் ஆணியும், அதில் சுற்றிய கம்பித் துண்டும். அந்த இடத்தைத் தள்ளி அறுத்தோம். வேர்ப் பக்கம் ஊர்க்காரர் ஒருவரின் எந்திரம் பிடித்துக்கொண்டது. அடிமரத்தின் மேல்பாதியில் கறிக்கட்டைக்கு வட்டங்கள் அறுத்து, முகத்தில் மெழுகு பூசி, கடைக்குப் பின்னால் நிழலில் வைத்திருக்கிறோம். டவுனிலிருந்து கறிக்கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு ரெண்டு வேண்டும் என்று சொல்லிப் போனார்.

கொப்புகள் எல்லாம் பிளந்தாயிற்று. விளிம்பிலிருந்து போடச் சொன்னது பெரிய உதவி. இன்னும் ரெண்டு சந்தேகம். தூரை என்ன செய்வது? அப்புறம், புளி விறகை எரிப்பதற்குத் தனிப் பக்குவம் ஏதாவது உண்டா?

தகடூர்விறகு:

தூரில் மண்ணும் கல்லும் கடித்துக்கொண்டிருக்கும், வாளை வைக்காதீர்கள். ஏலத்தில் தூரும் சேர்த்தி என்றால் செங்கல் சூளைக்காரரிடம் சொல்லுங்கள், முழுசாகவே தூக்கிப் போவார். புளியின் சூடு சூளைக்கு நன்றாகப் பிடிக்கும்.

அடுப்புக்குப் பக்குவம் உண்டு. புளி சட்டென்று பற்றாது. கருவேலச் சுள்ளி வைத்துத் தீ எழுந்த பிறகு புளியை நுழையுங்கள். பற்றிவிட்டால் சூடு கடுமையாக இருக்கும், கங்கும் நெடுநேரம் நிற்கும். கருவேலத்துக்கு வைக்கிற அளவையே வைத்தால் சோறு அடிப்பிடிக்கும். மூணு கட்டை வைக்கிற இடத்தில் ரெண்டு போதும். உலை கொதித்ததும் ஒன்றை வெளியே இழுத்துவிட்டு மற்றதில் வேகவிடுங்கள். குழம்பை அந்தக் கங்கின் மேலேயே இறக்கி வைக்கலாம், கடை மூடுகிறவரை சூடு ஆறாது.